ஒரே உணவு, இருவேறு கொலஸ்ட்ரால் எண்கள்: மரபணுவின் பங்கு எவ்வளவு?

தாழம்பூ:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். இருவருமே நாற்பதைக் கடந்தவர்கள். சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில், 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் எனக்கு 168 மி.கி./டெ.லி., அவனுக்கு 161. மருத்துவர் உடனே மாத்திரை எழுதவில்லை; சில மாதங்கள் உணவை மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் வரச் சொன்னார். அதன்படி வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி, பொரித்த தின்பண்டங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் நிறுத்தினோம். முட்டையின் மஞ்சள் கருவைக் குறைத்தோம். பருப்பு, காய்கறி, ஓட்ஸ் ஆகியவற்றைக் கூட்டினோம். இருவரும் ஏறத்தாழ ஒரே ஒழுங்குடன் இதைக் கடைப்பிடித்தோம் என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியும்.

இப்போது மறுபரிசோதனை முடிவுகள் வந்துள்ளன. எனக்கு 139, தம்பிக்கு 158. அவன் மிகவும் மனம் தளர்ந்துபோயிருக்கிறான். "என் உடம்பு வாகு இப்படித்தான், எதைச் சாப்பிட்டாலும் ஒன்றுதான்" என்று சொல்லிப் பழைய உணவுக்கே திரும்பிவிட எண்ணுகிறான்.

என் கேள்விகள் இவை. ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்த இருவருக்குள் உணவின் விளைவு இவ்வளவு வேறுபடுமா? வேறுபடுமென்றால், உடலுக்குள் எந்த இடத்தில் அந்த வேறுபாடு உண்டாகிறது? அவனுக்கு உணவுக் கட்டுப்பாடு பயன் தராது என்று இந்த எண்களை வைத்து முடிவு கட்டலாமா? மரபணுப் பரிசோதனை செய்துகொண்டால் ஏதாவது தெளிவு கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செங்காந்தள்:

சகோதரிக்கு வணக்கம். நான் மரபியல் கற்பிப்பவள், மருத்துவர் அல்ல. ஆகவே உங்கள் கேள்வியில் "உடலுக்குள் எந்த இடத்தில்" என்ற பகுதிக்கு மட்டும் என்னால் இயன்ற விடையைத் தருகிறேன்.

உணவுக்கு உடல் காட்டும் எதிர்வினை பரம்பரையைப் பொறுத்தது என்பதற்கு முதல் தடயம் விலங்குகளிடமிருந்தே கிடைத்தது. 1913ஆம் ஆண்டு ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். அதே உணவை எலிகளுக்கும் நாய்களுக்கும் கொடுத்தபோது அவற்றின் இரத்தக் கொலஸ்ட்ரால் எளிதில் உயரவில்லை. பின்னாளில், ஒரே இனச் சுண்டெலிகளுக்குள்ளேயே சில பரம்பரைகள் கொழுப்பு உணவால் எளிதில் பாதிக்கப்படுவதும் வேறு சில தாக்குப்பிடிப்பதும் தெரியவந்தது. கூண்டு, தீவனம், வயது அனைத்தும் ஒன்றாக இருக்கும்போது மிஞ்சும் வேறுபாடு மரபணுவினுடையது என்பதில் ஐயமில்லை.

மனிதர்களிடம் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். குடல் எவ்வளவு கொலஸ்ட்ராலை உள்ளே எடுக்கிறது என்பது முதலாவது. கல்லீரல் எவ்வளவைத் தானே உற்பத்தி செய்கிறது, எவ்வளவைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுகிறது என்பது இரண்டாவது. இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் எவ்வளவு விரைவாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்பது மூன்றாவது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆளுக்கு ஆள் மாறுபடும் மரபணுக்கள் உள்ளன.

குடலைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அங்கேதான் மனிதருக்கு மனிதர் உள்ள இடைவெளி வியப்பூட்டும் அளவுக்கு அகலமானது. உடல்நலமுள்ளவர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில், குடலுக்கு வந்து சேரும் கொலஸ்ட்ராலில் சிலர் ஏறத்தாழ 30 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சினார்கள், வேறு சிலரோ 80 விழுக்காடு வரை உறிஞ்சினார்கள். குடலுக்கு வருவது நாம் தின்ற கொலஸ்ட்ரால் மட்டுமன்று. பித்தநீர் வழியாக நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிராம் அளவுக்கு நம் உடலின் சொந்தக் கொலஸ்ட்ராலும் அங்கே வந்து கலக்கிறது. ஆகவே உறிஞ்சும் திறன் கூடியவருக்கு, உணவில் கொலஸ்ட்ராலே இல்லாவிட்டாலும், வெளியேற வேண்டிய பங்கு மீண்டும் உடலுக்குள் திரும்பிவிடுகிறது.

இந்த வாசலில் இரண்டு எதிரெதிர்ப் பணியாளர்கள் நிற்கிறார்கள். என்பிசி1எல்1 என்ற புரதம் கொலஸ்ட்ராலைக் குடல் உயிரணுவுக்குள் இழுக்கிறது. 2004இல் அடையாளம் காணப்பட்ட இந்தப் புரதத்தைத்தான் எசெட்டிமைப் என்னும் மருந்து தடுக்கிறது. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இணைப் புரதங்களோ உள்ளே வந்த ஸ்டெரால்களை (கொலஸ்ட்ராலும் அதையொத்த தாவரப் பொருட்களும்) குடலுக்கே திருப்பித் தள்ளுகின்றன. என்பிசி1எல்1 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்து பிறந்தவர்களைப் பற்றி 2014இல் வெளியான பெரிய ஆய்வில், அவர்களுடைய எல்.டி.எல். மற்றவர்களைவிடச் சராசரியாக 12 மி.கி. குறைவாகவும், இதய நாள நோய்க்கான ஆபத்து ஏறத்தாழப் பாதியாகவும் இருந்தன. இதற்கு மறுகோடியில், ஏபிசிஜி5 அல்லது ஏபிசிஜி8 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் சிட்டோஸ்டெரோலீமியா என்னும் அரிய நோய் உண்டாகிறது. சாதாரணமாக மிகச் சிறிதளவே உடலுக்குள் நுழையும் தாவர ஸ்டெரால்கள்கூட இவர்களின் இரத்தத்தில் குவிகின்றன. இவர்களில் சில குழந்தைகளுக்குத் தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் கொலஸ்ட்ரால் மிகக் கடுமையாக உயர்ந்து, உணவை மாற்றியதும் வெகுவாக இறங்கிவிடுகிறது. உணவுக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிலை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

உடல் எந்த அளவுக்கு ஈடுகட்டக்கூடும் என்பதற்கு 1991இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த குறிப்பு இன்றும் வகுப்புகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. நாள்தோறும் 25 முட்டை தின்றுவந்த 88 வயது முதியவர் ஒருவரின் இரத்தக் கொலஸ்ட்ரால் இயல்பான அளவிலேயே இருந்தது. ஆராய்ந்தபோது, அவருடைய குடல் ஏறத்தாழ 18 விழுக்காட்டு கொலஸ்ட்ராலை மட்டுமே உறிஞ்சியது என்பதும், அவருடைய கல்லீரல் வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பித்த அமிலத்தை உண்டாக்கியது என்பதும் தெரிந்தது. இந்தத் தகவமைப்பு எந்த மரபணுவால் வந்தது என்று அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "அவர் தின்றாரே, எனக்கு என்ன ஆகும்" என்று கேட்பவர்களுக்கு அந்த முதியவர் முன்மாதிரியாக மாட்டார். அவர் ஒரு கோடியில் நின்றவர்.

மூன்றாம் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவு, கல்லீரலில் உள்ள எல்.டி.எல். ஏற்பிகளின், அதாவது அத்துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதங்களின், செயல்பாட்டைக் குறைக்கிறது. ஏற்பி குறைந்தால் இரத்தத்தில் எல்.டி.எல். தேங்குகிறது. உங்கள் வீட்டில் வெண்ணெயையும் கொழுப்பு இறைச்சியையும் நிறுத்தியபோது நீங்கள் முதன்மையாக மாற்றியது இந்தக் கட்டத்தைத்தான். முட்டையைக் குறைத்தபோது மாற்றியது குடல் கட்டத்தை. ஒருவருக்கு ஒரு கட்டத்தில் எதிர்வினை கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருக்கலாம் என்பதால், "உணவுக்கு இறங்காத உடம்பு" என்று ஒரே சொல்லில் முத்திரை குத்துவது பொருந்தாது.

உடன்பிறந்தோர் பற்றிக் கேட்டீர்கள். ஒரே பெற்றோரின் பிள்ளைகள், ஆளுக்கு ஆள் மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைத்தான் பொதுவாகப் பெறுகிறார்கள். எல்.டி.எல். அளவையோ நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் சிறிது சிறிதாகப் பாதிக்கின்றன. 2021இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டிச் செய்த ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. எனவே அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே வேறுபாடு இருப்பதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

நெடுவழி:

தாழம்பூ அவர்களுக்கு வணக்கம். செங்காந்தள் அவர்கள் எழுதிய அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மரபணுவுக்குப் போவதற்கு முன்பு, உங்கள் வீட்டின் நான்கு எண்களும் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒருவருடைய உணவும் எடையும் உடல்நலமும் மாறாமல் இருக்கும்போதே, அவருடைய எல்.டி.எல். ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 8 விழுக்காடு திட்ட விலக்கத்துடன் (சராசரியிலிருந்து எண்கள் வழக்கமாக விலகும் அளவு) ஏறி இறங்கும். முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், இரண்டின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துவிடுவதால் அந்த விலக்கம் ஏறத்தாழ 11 விழுக்காடாகிறது. ஆகவே ஒரே ஒரு இணை அளவீட்டை வைத்துக்கொண்டு, "இது தற்செயல் அன்று, உண்மையான மாற்றம்" என்று துணிந்து சொல்ல அதன் இரு மடங்கான ஏறத்தாழ 22 விழுக்காட்டு வேறுபாடு தேவை. உங்களுடைய 168இலிருந்து அது 37 மி.கி. இறக்கம். உங்களுக்கு இறங்கியது 29, அதாவது 17 விழுக்காடு. உங்களுடைய இறக்கமே இந்த வரம்புக்குள்தான் வருகிறது.

இனி உங்களையும் தம்பியையும் ஒப்பிடுவோம். உங்களுக்கு 17 விழுக்காடு, அவருக்கு 2 விழுக்காடு, இடைவெளி 15. இந்த ஒப்பீட்டில் நான்கு அளவீடுகளின் ஏற்ற இறக்கமும் ஒன்றாகக் கலப்பதால், திட்ட விலக்கம் 16 விழுக்காடு ஆகிறது. உங்கள் இருவருக்கும் இடையே காணும் வேறுபாடு அந்த ஒரு விலக்கத்தைக்கூட எட்டவில்லை. மரபணு வேறுபாடே இல்லாத இருவரை இப்படி அளந்திருந்தாலும் இத்தகைய இடைவெளி அடிக்கடி தோன்றும்.

வேறொரு கோணத்திலும் பாருங்கள். உணவு ஆற்றலில் 5 விழுக்காட்டை நிறைவுற்ற கொழுப்பிலிருந்து பன்மை நிறைவுறாக் கொழுப்புக்கு மாற்றினால் எல்.டி.எல். சராசரியாக 10 மி.கி. அளவுக்கு இறங்கும் என்பது கட்டுப்படுத்தப்பட்ட உணவு ஆய்வுகளின் கூட்டு முடிவு. உணவுக் கொலஸ்ட்ராலின் பங்கு இதைவிடச் சிறியது: நாளொன்றுக்கு 100 மி.கி. குறைத்தால், மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 2 மி.கி. சொச்சம் இறங்கும், ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் இருப்பது ஏறத்தாழ 180 முதல் 200 மி.கி. வரை. கரையும் நார்ச்சத்து இன்னும் சிறிது இறக்கும். ஆக, இப்படிப்பட்ட உணவு மாற்றத்தால் 10 முதல் 20 மி.கி. வரை எதிர்பார்ப்பதே இயல்பு. உங்களுடைய 29 அதற்கு மேலும், தம்பியின் 3 அதற்குக் கீழும் உள்ளன. இருவருக்குமே உண்மையான இறக்கம் நடுவில் எங்கேயோ இருக்க, தற்செயல் ஒருவரை மேலேயும் மற்றவரைக் கீழேயும் தள்ளியிருக்கும் வாய்ப்பை நான் மிகவும் வலுவாகக் கருதுகிறேன்.

இது வெறும் கணக்கு வாதம் அன்று. 1980களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் மார்ட்டின் கட்டான் குழுவினர் இதே கேள்விக்கு விடை தேடினார்கள். உணவுக் கொலஸ்ட்ராலுக்கு மிகுந்த எதிர்வினை காட்டியவர்களையும் சற்றும் காட்டாதவர்களையும் பிரித்து, அதே மனிதர்களுக்கு அதே வகை உணவை மீண்டும் கொடுத்து அளந்தார்கள். மிகுந்த எதிர்வினை காட்டியவர்கள் மறுபடியும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காட்டினார்கள். ஆகவே நிலையான வேறுபாடு உண்டு என்பது உறுதியானது. ஆனால் முதல் சோதனையில் தோன்றிய பெரும் இடைவெளி மறுசோதனைகளில் சுருங்கிவிட்டது. முதலில் கண்டதில் கணிசமான பகுதி தற்செயலாக இருந்தது. அந்த ஆய்வில் சாப்பாடு முழுவதும் ஆய்வாளர்களின் கண்காணிப்பில் இருந்தது, அளவீடுகளும் பலமுறை எடுக்கப்பட்டன. அங்கேயே இப்படி என்றால், வீட்டில் எடுத்த இரண்டு அறிக்கைகளை வைத்து ஒருவரின் உடல்வாகைத் தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விவரங்கள் தேவை. உங்கள் ஆய்வக அறிக்கையில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்பட்டதா, கணக்கிடப்பட்டதா? பல ஆய்வகங்களில், மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல். ('நல்ல கொலஸ்ட்ரால்') அளவையும், இரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தே அதைப் பெறுகிறார்கள். டிரைகிளிசரைடு முந்தைய நாள் உணவையும் வெறும் வயிற்றில் இருந்த நேரத்தையும் பொறுத்து மாறுவது, எனவே எல்.டி.எல். எண்ணும் அதனுடன் அசையும். இரண்டாவது, இந்த மாதங்களில் உங்கள் இருவருடைய எடையும் எப்படி மாறியது?

உப்பளம்:

அக்கா, நான் சொல்லப்போவது உங்கள் தம்பிக்குப் பொருந்தாமலும் போகலாம். ஆனாலும் இத்தகைய உரையாடல்களில் இந்தக் கேள்வி விடுபட்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் என் தாய்மாமா ஐம்பது வயதுக்கு முன்பே மாரடைப்பில் இறந்தார். அம்மாவின் எல்.டி.எல். எப்போதும் 240க்கு மேல். அவர் உணவில் மிகவும் கண்டிப்பானவர். ஆண்டுக்கணக்கில் எண்ணெயை அளந்து ஊற்றிச் சமைத்தார், எண் சற்றே அசைந்ததே தவிர இறங்கவில்லை. உறவினர்கள் அவர் ஒளித்து வைத்துத் தின்பதாகவே பேசினார்கள். குடும்பவழி ஹைப்பர்கொலஸ்ட்ரோலீமியா, அதாவது பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோய், என்று பின்னர் மரபணுப் பரிசோதனையில் உறுதியான அன்றுதான் அந்தப் பழி நீங்கியது.

இந்நோயில் எல்.டி.எல். ஏற்பியின் மரபணு பழுதாகியிருக்கும். டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் இந்த ஏற்பியைக் கண்டறிந்து 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவர். இதை அரிய நோய் என்று சொல்ல முடியாது. பெரியவர்களில் எல்.டி.எல். 190க்கு மேல் நிலையாக நிற்பது, கணுக்காலின் பின்புறத் தசைநாண் தடித்து முடிச்சு விழுவது, நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் தோன்றுவது, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவை இதற்கான அறிகுறிகள். 2003இல் பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, பிசிஎஸ்கே9 என்ற வேறொரு மரபணுவின் மிகைச் செயல்பாடும் இதே நிலையை உண்டாக்குவது தெரிந்தது. அந்தப் புரதம் எல்.டி.எல். ஏற்பிகளை அழிவுக்கு இட்டுச்செல்கிறது. அதே மரபணு செயலிழந்து பிறந்த கறுப்பின அமெரிக்கர்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடும் இதய நாள நோய் 88 விழுக்காடும் குறைவாக இருந்தன.

என் அம்மாவைப் போன்றவர்களுக்கும் நல்ல உணவு தேவைதான், ஆனால் மருந்து இல்லாமல் அது போதவே போதாது. ஆகவே கேட்கிறேன்: உங்கள் பெற்றோர் இருவருடைய கொலஸ்ட்ரால், இதய நோய் வரலாறு என்ன?

தாழம்பூ:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நெடுவழி ஐயா கணக்கிட்டுக் காட்டியதைத் தம்பியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவன் முகம் சற்றுத் தெளிந்தது.

கேட்ட விவரங்கள்: அறிக்கையில் எல்.டி.எல். கணக்கிடப்பட்டது என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். என் எடை நான்கு கிலோ குறைந்துள்ளது. தம்பியின் எடை மாறவே இல்லை. அவன் முதலிலிருந்தே ஒல்லியானவன். அப்பாவுக்கு 58 வயதில் இதய நாள அடைப்புக்காக அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா நலமாக இருக்கிறார். எங்கள் யாருக்கும் எல்.டி.எல். 190ஐத் தொட்டதில்லை.

இன்னும் ஒன்று. தம்பி ஏற்கெனவே ஒரு தனியார் நிறுவனத்தின் மரபணு அறிக்கையைப் பெற்று வைத்திருந்தான். அதில் அவனுக்கு ஏபிஓஇ மரபணுவில் ஒரு இ3, ஒரு இ4 என்று உள்ளது. "நிறைவுற்ற கொழுப்புக்கு உங்கள் உடல் கூடுதலாக எதிர்வினை காட்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கொழுப்பைக் குறைத்ததும் அவனுக்குத்தானே கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும்? இதை எப்படிப் புரிந்துகொள்வது?

செங்காந்தள்:

மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. ஏபிஓஇ மரபணு 19ஆம் குரோமோசோமில் உள்ளது. அது உண்டாக்கும் புரதத்தில் 112, 158 ஆகிய இரண்டு இடங்களில் எந்த அமினோ அமிலம் அமைகிறது என்பதைப் பொறுத்து இ2, இ3, இ4 என்ற மூன்று வடிவங்கள் உண்டாகின்றன. மூன்றில் மிகப் பரவலானது இ3. உணவுக்குப் பிறகு குடலிலிருந்து கிளம்பும் கொழுப்புத் துகள்களின் எச்சங்களைக் கல்லீரலுக்குள் கொண்டுசேர்ப்பது இந்தப் புரதத்தின் வேலை. இ4 உள்ளவர்களிடம் இவ்வெச்சங்கள் விரைவாகக் கல்லீரலுக்குள் போய்ச் சேர்கின்றன. கல்லீரலில் கொலஸ்ட்ரால் நிறைந்ததும், அது தன் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது, இரத்தத்தில் எல்.டி.எல். ஏறுகிறது. இ2 வடிவமோ ஏற்பியுடன் சரியாக ஒட்டாது என்பதால் நிகழ்வது நேர்மாறு. இ2 இரண்டு பெற்றவர்களின் சராசரி எல்.டி.எல்., இ4 இரண்டு பெற்றவர்களின் சராசரியைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. ஒற்றை மரபணு ஒன்றின் பரவலான வடிவங்களுக்கு இது பெரிய விளைவுதான்.

ஆனால் மேலே சொன்னது எல்.டி.எல். எந்த அளவில் நிற்கிறது என்பதைப் பற்றியது. உணவை மாற்றினால் அது எவ்வளவு அசையும் என்பது தனிக் கேள்வி, அதற்கான சான்றுகள் இவ்வளவு உறுதியாக இல்லை. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தபோது இ4 உள்ளவர்களுக்குக் கூடுதலாக இறங்கியதாகச் சில ஆய்வுகள் காட்டின. வேறு பல ஆய்வுகளில் அந்த வேறுபாடு தென்படவே இல்லை. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு மரபணு வடிவத்திலும் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. ஏபிஓஏ4 மரபணுவிலும் சிஒய்பி7ஏ1 மரபணுவிலும்கூட இத்தகைய தொடர்புகள் பேசப்பட்டன. முந்தையதின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்கு உணவுக் கொலஸ்ட்ராலால் எல்.டி.எல். ஏறுவது குறைவு என்று 1994இல் ஒரு ஆய்வு சொன்னது. பிந்தையது பித்த அமில உற்பத்தியை ஆளும் நொதி, அதன் ஒரு வடிவம் தாவர ஸ்டெரால்களுக்கான எதிர்வினையுடன் தொடர்புபடுத்தப்பட்டது. இவை அனைத்தும் குழுக்களின் சராசரிகளைப் பற்றிய முடிவுகள். "உங்கள் உடல்" என்று ஒரு தனி மனிதரை நோக்கி உறுதியாக எழுதுவதற்கு இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை என்பதே என் கருத்து.

தம்பியின் அறிக்கைக்கும் அவருடைய எண்ணுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக நீங்கள் நினைக்க வேண்டியதில்லை. ஏபிஓஇயின் விளைவு நூற்றுக்கணக்கான பிற மரபணுக்களின் விளைவுகளோடு கலந்தே வெளிப்படுகிறது. அதன்மேல் நெடுவழி அவர்கள் விளக்கிய அளவீட்டு ஏற்ற இறக்கமும் சேர்கிறது. இன்னொன்றையும் பொறுப்புடன் சொல்ல வேண்டியுள்ளது. இ4 வடிவம் முதுமையில் அல்சைமர் நோய் வருவதற்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. நான்கைந்து பேரில் ஒருவருக்கு இந்த வடிவம் உண்டு, அவர்களில் பலருக்கு அந்நோய் வருவதே இல்லை. ஆனாலும் கொலஸ்ட்ராலுக்காக எடுத்த பரிசோதனையில் இந்தச் செய்தி எதிர்பாராமல் ஒருவர் கையில் வந்து விழுவதை நான் ஏற்கவில்லை. தம்பி இதை இணையத்தில் தனியாகத் தேடிப் படித்துக் கலங்குவதற்கு முன், மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

நெடுவழி:

எடை விவரம் மிகவும் பயனுள்ளது. எடை குறைவதே எல்.டி.எல். அளவைச் சிறிது இறக்கும். அத்துடன் எடை இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் எடுக்கும் அளவீடு, அது நிலைத்த பின் எடுப்பதிலிருந்து வேறுபடக்கூடும். ஆக, உங்கள் 29இல் உணவின் தன்மையால் வந்தது எவ்வளவு, எடைக் குறைவால் வந்தது எவ்வளவு என்பதைப் பிரிக்க வழியில்லை. தம்பி ஒல்லியானவர் என்பதும் கவனிக்கத்தக்கது. 2003இல் முட்டையைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்றில், இன்சுலின் எதிர்ப்புடன் உடல் பருமன் கொண்டவர்களைவிட, இன்சுலினுக்கு நன்கு இணங்கும் ஒல்லியானவர்களுக்கே எல்.டி.எல். கூடுதலாக உயர்ந்தது. அவர் பழைய உணவுக்குத் திரும்புவதற்கு இது ஊக்கம் தரும் செய்தி அன்று.

அப்பாவின் 58 வயதைப் பற்றி: ஆண்களில் 55க்கு முன்பும் பெண்களில் 65க்கு முன்பும் வருவதையே இளவயது இதய நோய் என்று வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். எனவே உப்பளம் அவர்கள் அஞ்சிய குடும்பவழி நோய்க்கான வாய்ப்பு உங்கள் வீட்டில் குறைவு, இருந்தாலும் மருத்துவரிடம் அந்த வயதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தம்பி இப்போதைய உணவையே தொடரட்டும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை, ஒரே ஆய்வகத்தில், ஒரே அளவு வெறும் வயிற்று நேரத்துடன், காய்ச்சலோ வேறு நோயோ இல்லாத நாட்களில் அளந்து சராசரி எடுங்கள். முதல் முறை தைராய்டு அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்புக் குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். ஏறும், அதை உணவால் மட்டும் சரிசெய்ய முடியாது. எல்.டி.எல். போன்ற மற்றொரு கொழுப்புத் துகளான லிப்போபுரதம் ஏ என்பதன் அளவை வாழ்நாளில் ஒரு முறை பார்ப்பதும் நல்லது. அது பெரும்பாலும் மரபணுவாலேயே தீர்மானிக்கப்படுவது, உணவால் பெரிதாக மாறாதது, அப்பாவின் நோய்க்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சராசரி 150க்கும் கீழே வந்தால், உணவு அவரிடமும் வேலை செய்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 160ஐ ஒட்டியே நின்றால், நாளொன்றுக்கு இரண்டு கிராம் தாவர ஸ்டெரால் அல்லது கூடுதல் கரையும் நார்ச்சத்து போன்ற, குடல் கட்டத்தைத் தொடும் வழிகளைச் சேர்த்துப் பார்க்கலாம். தாவர ஸ்டெரால் மட்டுமே சராசரியாக 8 முதல் 10 விழுக்காடு வரை இறக்கக்கூடியது. அதற்கும் அசையாவிட்டால் மருந்தைப் பற்றி மருத்துவருடன் பேசும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அப்போதும் எந்த மருந்து, எவ்வளவு என்பதை ஏபிஓஇ அறிக்கையைக் கொண்டு அவர் முடிவு செய்யமாட்டார். இந்தச் சராசரி எண்ணையும், அப்பாவின் வரலாற்றையும், தம்பியின் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றையும்தான் பார்ப்பார். ஆகவே அவரிடம் போகும்போது நான்கு பழைய எண்களோடு, அவை எடுக்கப்பட்ட தேதிகளையும் அந்தந்த நாளில் இருந்த எடையையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.